ஃபெராரியா, லம்போர்கினியா? பேரேடு சொல்லும் கதை

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருந்தால், தலைப்பில் உள்ள கேள்வி உங்களுக்குப் புதிதாக இருக்காது. எத்தனை ஹார்ஸ்பவர், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி, உச்ச வேகம் எவ்வளவு, அடுத்த வருடம் வரப்போகும் மாடல் எது என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்பிடுவார்கள். நம் வாசலில் இருக்கும் வேகத்தடையை அந்த வண்டிகளில் ஒன்றாவது அடி தட்டாமல் தாண்டுமா என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இந்த ஒப்பீட்டு விளையாட்டுக்கு அறுபது வருட வயது. அது தொடங்கிய இடம் இத்தாலியில், மோடெனா நகரைச் சுற்றி, காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய ஒரு சிறிய வட்டாரம். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். எந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டாலும் அதன் வரவு செலவு எப்படி இருந்திருக்கும் என்றுதான் மனம் முதலில் போகும். இந்த இரண்டு கம்பெனிகளின் கதையை அந்த வழியில் படித்தபோது, பிள்ளைகளின் பட்டியலில் இல்லாத பல விஷயங்கள் தெரிந்தன. அவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் குதிரைக்காரர். என்ஸோ ஃபெராரி 1898-ல் மோடெனாவில் பிறந்தவர். சொந்தமாகக் கார் செய்து தொழிலுக்கு வந்தவர் அல்ல. 1929-ல் அவர் தொடங்கியது ஒரு பந்தயக் குழு. ஓட்டியது ஆல்ஃபா ரோமியோ கம்பெனியின் கார்களை. 1939-ல் ஆல்ஃபாவை விட்டு வெளியே வந்தபோது, நான்கு ஆண்டுகளுக்குத் தன் பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டிருந்தார். போர்க்காலத்தில் பட்டறையை மரனெல்லோ என்ற ஊருக்கு மாற்றினார். ஃபெராரி என்ற பெயர் தாங்கிய முதல் கார் 1947-ல் வந்தது. ஒன்றரை லிட்டர் என்ஜின்தான், ஆனால் அதற்குள் பன்னிரண்டு சிலிண்டர்கள். அந்தத் துள்ளும் குதிரைச் சின்னம் முதல் உலகப் போரில் இறந்த ஃபிரான்செஸ்கோ பராக்கா என்ற விமானியுடையது. அவருடைய தாயார் கொடுத்தது என்று என்ஸோ சொல்லுவார்.

இப்போது பேரேட்டைத் திறப்போம். மற்ற கார் கம்பெனிகள் கார் விற்பதற்காகப் பந்தயத்தில் கலந்துகொண்டன. அதாவது பந்தயம் விளம்பரச் செலவு. என்ஸோவிடம் இது தலைகீழ். பந்தயம் நடத்தப் பணம் வேண்டும், அதற்காகப் பணக்காரர்களுக்குச் சாலைக் கார் விற்றார். வரவுப் பக்கத்தில் நடிகர்கள், மன்னர்கள், ஆலை முதலாளிகள். செலவுப் பக்கத்தில் பந்தயம். கார் வாங்க வந்தவர்களை அவர் மணிக்கணக்கில் காத்திருக்க வைத்த கதைகள் ஏராளம். வாடிக்கையாளரே தெய்வம் என்று எங்கள் கிளையில் பெரிய போர்டு மாட்டியிருந்தார்கள். மரனெல்லோவில் அப்படி ஒன்று மாட்டியிருக்க வாய்ப்பில்லை.

அந்தச் செலவுப் பக்கத்தில் பணம் மட்டும் எழுதப்படவில்லை. 1957 மே 12 அன்று மில்லே மில்யா என்ற பந்தயம் நடந்தது. ஆயிரம் மைல் தூரம், சாதாரண ஊர்ச் சாலைகளில். கூடியிருந்த மக்களுக்கும் காருக்கும் நடுவே தடுப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. குயிடிட்சோலோ என்ற சிற்றூர் அருகே அல்ஃபோன்ஸோ டி போர்த்தாகோ ஓட்டி வந்த ஃபெராரியின் டயர் வெடித்து, கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஓட்டியவர், உடன் இருந்தவர், வேடிக்கை பார்த்த ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். மில்லே மில்யா வேகப் பந்தயம் அத்தோடு நிறுத்தப்பட்டது. என்ஸோ மீது வழக்குப் போட்டார்கள். 1961-ல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். எந்தக் கார் வேகம் என்று நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பிடும்போது, அந்த ஒப்பீட்டை ஒரு காலத்தில் ஊர்ச் சாலையில் வைத்துத்தான் நடத்தினார்கள் என்பது நமக்கு நினைவில் வருவதில்லை.

அதே 1961-ன் கடைசியில் இன்னொரு இடி. என்ஸோவின் மனைவி லாரா கம்பெனி விவகாரங்களில் தலையிடுகிறார் என்று முக்கியமான பொறியாளர்களும் மேலாளர்களும் புகார் சொன்னார்கள். விளைவு, அவர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். குடும்பத் தொழிலுக்குக் கடன் கொடுத்துப் பழகிய எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. வெளியேறியவர்களில் ஒருவர் ஜியோட்டோ பிட்ஸாரினி, அடுத்த ஆண்டு வெளிவந்த 250 ஜிடிஓ என்ற புகழ்பெற்ற காரை உருவாக்கிய பொறியாளர். மொத்தம் முப்பத்தாறு மட்டுமே செய்யப்பட்ட அந்த வண்டியில் ஒன்று 2023-ல் ஐந்து கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. பிட்ஸாரினியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் எதிர்த் தெருவில் வேலைக்குச் சேரப்போகிறார்.

1963-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி ஃபெராரியை விலைக்குக் கேட்டது. ஃபோர்டின் ஆட்கள் மரனெல்லோ வந்து சொத்துகளைக் கணக்கெடுத்தார்கள். பத்திரம் தயார். கடைசி நேரத்தில் ஒரு ஷரத்தில் என்ஸோவின் கண் நின்றது. பந்தயச் செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அமெரிக்காவின் அனுமதி வேண்டும் என்பது அந்த ஷரத்து. என்ஸோ எழுந்து போய்விட்டார். வரம்புக்கு மேல் போனால் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற வரியைப் படித்து வயிறு எரிந்த கிளை மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுந்து போனவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நம்மில் பலர் சினிமாவாகவே பார்த்துவிட்டோம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கோபப்பட்ட ஃபோர்டு, பிரான்ஸின் லு மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரியைத் தோற்கடிக்க ஜிடி40 என்ற காரைச் செய்தது. பெயரில் உள்ள நாற்பது அதன் உயரம், அங்குலத்தில். 1960 முதல் 1965 வரை லு மானில் தொடர்ந்து ஆறு முறை ஃபெராரி ஜெயித்திருந்தது. 1966-ல் முதல் மூன்று இடங்களும் ஃபோர்டுக்கு. 1969 வரை ஃபோர்டே ஜெயித்தது. ஆனால் ஃபோர்டு பெரிய கடல். அந்தச் செலவு அதற்கு ஒரு கை நீர். மரனெல்லோவில் இருந்ததோ ஒரு கிணறு. ஈடுகொடுத்துச் செலவு செய்ததில் கிணறு வற்றத் தொடங்கியது.

இனி காளைக்காரர். ஃபெரூச்சியோ லம்போர்கினி 1916 ஏப்ரல் 28 அன்று சென்ட்டோ அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மேல்நாட்டு ஜாதகக் கணக்குப்படி ரிஷப ராசி, அதனால்தான் சின்னம் காளை. நம் பஞ்சாங்கப்படி பார்த்தால் அந்தத் தேதியில் சூரியன் மேஷத்தில் இருப்பார். இவர் இந்தப் பக்கம் பிறந்திருந்தால் காரின் மூக்கில் ஆடு உட்கார்ந்திருக்கும்.

போர்க்காலத்தில் இத்தாலிய விமானப்படையின் மெக்கானிக்காக ரோட்ஸ் தீவில் வேலை பார்த்தார். உதிரிப்பாகம் எதுவும் கிடைக்காத இடத்தில் வண்டிகளை ஓட வைக்கும் வித்தையை அங்கே கற்றார். போர் முடிந்ததும், ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகளின் என்ஜின்களை வாங்கி டிராக்டர் செய்யத் தொடங்கினார். 1948-ல் டிராக்டர் கம்பெனி பிறந்தது. எங்கள் கிராமக் கிளையில் டிராக்டர் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்த ஆண்டுகள் எனக்கு உண்டு. டிராக்டர் வியாபாரம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு ஆபத்தானதும் கூட. மழை பெய்து அரசு மானியமும் வந்தால் வரிசையில் நின்று வாங்குவார்கள். இரண்டில் ஒன்று தவறினால் ஷெட்டில் நிற்கும். இந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

1960-களின் தொடக்கத்தில் ஃபெரூச்சியோ பெரும் பணக்காரர். டிராக்டரோடு எண்ணெய் பர்னர், ஏர்கண்டிஷனர் என்று தொழில் விரிந்திருந்தது. அவரிடம் ஃபெராரிகளும் இருந்தன. அதில் கிளட்ச் அடிக்கடி தேய்ந்ததாம். என்ஸோவிடம் போய்ச் சொன்னாராம். டிராக்டர் ஓட்டத்தான் உனக்குத் தெரியும், ஃபெராரி ஓட்டத் தெரியாது என்ற பொருளில் பதில் வந்ததாம். கோபத்தில் வீடு திரும்பியவர் தானே கார் செய்யப் புறப்பட்டாராம். இந்தக் கதையை ஃபெரூச்சியோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவமானத்தால் தொழில் தொடங்கியவர் என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கோபத்தை மட்டும் நம்பி யாரும் கார் தொழிற்சாலைக்கு முதல் போடுவதில்லை. பணக்காரர்கள் இந்த வகைக் காருக்கு என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதை வாங்கியவர் என்ற முறையிலேயே அவர் அறிந்திருந்தார் என்பது என் ஊகம்.

1963-ல் சான்ட் அகதா போலோனேஸே என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை எழுந்தது. பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் வடிவமைக்க அழைக்கப்பட்டவர் வேறு யாருமல்ல, ஃபெராரியிலிருந்து வெளியேறிய அதே பிட்ஸாரினி. அந்த ஆண்டு டூரின் மோட்டார் கண்காட்சியில் முதல் மாதிரிக் கார் நின்றது. என்ஜின் தயார், உடல் தயார், ஆனால் ஒன்றுக்குள் மற்றொன்று அடங்கவில்லை. என்ஜினுக்குப் பதிலாக உள்ளே கல்லை அடுக்கி எடை கொடுத்து, பானெட்டைத் திறக்காமலேயே கண்காட்சியை ஓட்டிவிட்டார்கள்.

மறு ஆண்டு 350 ஜிடி என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. 1964 முடியும்போது பதின்மூன்று வாடிக்கையாளர்கள். ஃபெராரியின் விலையோடு போட்டி போட வேண்டும் என்பதற்காக அந்தப் பதின்மூன்று கார்களையும் நஷ்டத்துக்கே விற்றார்கள். அந்த நஷ்டத்தைத் தாங்கியது டிராக்டர். ஒரு விஷயத்தில் மட்டும் ஃபெரூச்சியோ உறுதியாக நின்றார்: பந்தயம் கிடையாது. 1948-ல் தானே மாற்றியமைத்த சிறிய ஃபியட்டில் மில்லே மில்யாவில் கலந்துகொண்டு ஒரு உணவு விடுதியின் சுவரில் மோதிய அனுபவம் அவருக்கு இருந்தது.

இந்தப் பந்தய மறுப்பு அவருடைய இளம் பொறியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜியான் பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்டான்ஸானி, நியூசிலாந்திலிருந்து வந்த சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் ஆகிய மூவருக்கும் அப்போது முப்பது வயது நிறையவில்லை. லு மானில் ஓடும் கார்களைப் போல என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒரு சாலைக் கார் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு தங்கள் சொந்த நேரத்தில் வரைந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் நீளமானது. அதை நீளவாக்கில் இருக்கைக்குப் பின்னால் வைத்தால் கார் லாரி மாதிரி நீண்டுவிடும். விடை கிடைத்தது ஏழைக்கேற்ற இங்கிலாந்துக் காரான மினியில். மினியில் இடத்தை மிச்சப்படுத்த என்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பெட்டியை அதனோடேயே சேர்த்திருந்தார்கள். அந்த யோசனையை எடுத்து நான்கு லிட்டர், 350 ஹார்ஸ்பவர் என்ஜினை இருக்கைக்குப் பின்னால் குறுக்கே படுக்கவைத்தார்கள். உலகின் மிக ஆடம்பரமான காருக்கு உலகின் மிகச் சிக்கனமான கார்களில் ஒன்று வழி காட்டியது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

1965 நவம்பரில் டூரினில் வெறும் சட்டகத்தை மட்டும், மேல்உடல் இல்லாமல், காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பார்த்தே பணக்காரர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். அஸ்திவாரத்தை மட்டும் பார்த்து ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிய நமக்கு அவர்கள் மனநிலை புரியும்! பெர்டோனே நிறுவனத்தில் இருந்த இருபத்தேழு வயது மார்செல்லோ கான்டினி அதற்கு உடல் வரைந்தார். 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மியூரா என்ற பெயரோடு அது வந்து நின்றது. மியூரா என்பது சண்டைக் காளைகள் வளர்க்கும் ஒரு ஸ்பெயின் குடும்பத்தின் பெயர்.

இங்கிருந்துதான் நம் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டு ஆரம்பம். மூன்று வயதுக் கம்பெனி ஒன்று ஃபெராரியை விட அழகான, நவீனமான காரைச் செய்துவிட்டது. என்ஸோவுக்கோ என்ஜின் முன்னால்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம், வண்டிக்கு முன்னால் குதிரை இருப்பது போல. பந்தயத்தில் என்ஜினைப் பின்னால் மாற்றிவிட்டார். ஆனால் பணம் கொடுத்து வாங்கும் சாதாரண ஓட்டுநர்களின் கையில் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினைப் பின்னால் வைத்துக் கொடுக்க அவருக்குப் பயம். அந்தப் பயம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். மியூராவின் பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய மூக்கின் எடையும் குறைந்து, அதிவேகத்தில் முன்பக்கம் மேலே தூக்கும். 1968-ல் ஃபெராரி வெளியிட்ட டேடோனா, என்ஜின் முன்னால் வைத்த பழைய பாணிக் கார். ஆட்டோகார் என்ற ஆங்கிலப் பத்திரிகை இரண்டையும் தனித்தனியே ஓட்டி அளந்தபோது மியூரா சுமார் 277 கிலோமீட்டரும் டேடோனா 280-ம் எட்டின. இவ்வளவு புரட்சிக்கும் பழைமைக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் வித்தியாசம், அதுவும் பழைமையின் பக்கம்.

அடுத்து 300 என்ற எண்ணின் மீது எல்லாருக்கும் மோகம் பிடித்தது. 1971 மார்ச்சில் லம்போர்கினி, கத்தரிக்கோல் போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளோடு கவுன்டாக் மாதிரியைக் காட்டியது. கான்டினியின் கைவண்ணம்தான் இதுவும். 300-க்கு மேல் போகும் என்றார்கள். அதே ஆண்டு ஃபெராரியும் மனம் மாறி, என்ஜினைப் பின்னால் வைத்த பெர்லினெட்டா பாக்ஸரைக் காட்டியது. கம்பெனி சொன்ன வேகம் 302. ஏன் சரியாக 302 என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நகை ஏலத்தில் நூறு ரூபாய் கூட்டிக் கேட்பவர் நினைவு எனக்கு வருகிறது. எழுபதுகளில் இந்த வண்டிகளை வாங்கி, கையில் கடிகாரத்தோடு ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்களுக்கு அந்த 300 கண்ணில் படவில்லை. தணிக்கை செய்யப்படாத கணக்கு என்று எங்கள் மொழியில் சொல்லுவோம்.

கவுன்டாக் மாதிரியைப் பார்க்க ஜெனீவாவில் கூட்டம் நெருக்கிய அதே காலத்தில் டிராக்டர் பக்கம் விரிசல் விழுந்துகொண்டிருந்தது. டிராக்டர் உற்பத்தியில் சரிபாதி ஏற்றுமதி. தென்னாப்பிரிக்க இறக்குமதியாளர் ஆர்டர்களை ரத்து செய்தார். பொலிவியாவில் ராணுவப் புரட்சி நடந்து, புதிய அரசு ஒரு பெரிய ஆர்டரை ரத்து செய்தது. அதில் ஒரு பகுதி ஜெனோவா துறைமுகத்தில் கப்பலேறத் தயாராக இருந்தது. வட்டி ஓடும், கூலி ஓடும், சரக்கு மட்டும் நிற்கும். இப்படி நடைமுறை மூலதனம் முடங்கிப் படுத்த நல்ல தொழில்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை இல்லையென்று ஆட்களை நிறுத்தவும் வழியில்லை. அந்த வட்டாரம் தொழிற்சங்கங்களின் கோட்டை. தொழிலாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பொலிவியாவில் யார் ஆட்சியைப் பிடித்தார்கள் என்பதற்கு சென்ட்டோவில் போல்ட் முடுக்குபவர் பொறுப்பாக முடியாது.

டிராக்டர் கம்பெனி கைமாறியது. கார் கம்பெனியின் 51 சதவீதத்தை 1972-ல் ஒரு சுவிஸ் தொழிலதிபருக்கு விற்றார் ஃபெரூச்சியோ. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்த டிசம்பரில் இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் கார் ஓட்டவே தடை. ரோம், மிலான் வீதிகளில் மக்கள் சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் போனார்கள். நான்கு லிட்டர் பன்னிரண்டு சிலிண்டர் காரை அப்போது யாரிடம் போய் விற்பது? 1974-ல் மீதி 49 சதவீதத்தையும் விற்றார். கவுன்டாக்கின் விற்பனை உண்மையில் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். தன் கம்பெனியின் மிகப் புகழ்பெற்ற கார் சாலைக்கு வந்தபோது, அதில் அவருக்கு ஒரு பங்கு கூட மிச்சமில்லை.

என்ஸோ எப்படித் தப்பினார்? அவர் நான்கு ஆண்டு முந்திக்கொண்டார். 1969 ஜூனில் ஃபெராரியின் 50 சதவீதத்தை ஃபியட்டுக்கு விற்றார். சாலைக் கார் தொழிற்சாலை ஃபியட்டின் கையில். பந்தயப் பிரிவு தன் கையில், தான் உயிரோடு இருக்கும் வரை. ஃபோர்டு கொடுக்க மறுத்த அதே ஷரத்தை ஃபியட்டிடம் வாங்கிவிட்டார். தான் இறந்த பிறகு ஃபியட்டின் பங்கு 90 சதவீதமாகலாம் என்றும் ஏற்பாடு. தனக்கு எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எண்ணெய் நெருக்கடி வந்தபோது கம்பெனிக்குப் பின்னால் ஒரு பெரிய முதலாளி நின்றார். லம்போர்கினிக்குப் பின்னால் நின்றது டிராக்டர், அது ஏற்கெனவே விழுந்திருந்தது. கார் ஒப்பீட்டில் மியூராவுக்குத்தான் என் ஓட்டு. ஐந்தொகையை இரண்டு பேரும் என் மேஜையில் வைத்தால் ஃபெராரிக்குத்தான் கடன் சிபாரிசு செய்திருப்பேன்.

அதன் பின் லம்போர்கினி பட்ட பாட்டை வேகமாகச் சொல்லிவிடலாம். பிஎம்டபிள்யூ எம்1 என்ற காரைச் செய்து தரும் வேலை கிடைத்து, முடிக்க முடியாமல் 1978-ல் அது கைநழுவியது. அதே ஆண்டு திவால். பிறகு மிம்ரான் சகோதரர்கள், 1987-ல் கிரைஸ்லர், 1994-ல் இந்தோனேசிய முதலீட்டாளர்கள், கடைசியில் 1998-ல் ஜெர்மனியின் ஆடி. இத்தனை கை மாறியும் சான்ட் அகதா தொழிற்சாலையின் கதவு நிரந்தரமாக மூடப்படவில்லை என்பதுதான் அதிசயம். கவுன்டாக் 1990 வரை ஓடிக்கொண்டிருந்தது.

1980-களில் ஒப்பீட்டு மேடைக்குப் புதிய ஜோடி வந்தது. போர்ஷே 959 ஜெர்மானியக் கணக்கு. நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி, உச்ச வேகம் 317. ஃபெராரி எஃப்40, கம்பெனியின் நாற்பதாம் ஆண்டுக்காக 1987-ல் வந்தது. 478 ஹார்ஸ்பவர், 324 கிலோமீட்டர். உள்ளே கம்பளம் கிடையாது, ரேடியோ கிடையாது, கதவைத் திறக்க ஒரு கயிறு. என்ஸோ பார்த்து ஒப்புதல் கொடுத்த கடைசிக் கார் அது. 1988 ஆகஸ்ட் 14 அன்று தொண்ணூறு வயதில் அவர் இறந்தார். உடனே ஊக வணிகர்கள் புகுந்தார்கள். நானூறு மட்டுமே செய்வதாக இருந்த எஃப்40-க்குப் பட்டியல் விலையின் பல மடங்கு கொடுக்க ஆள் வந்தார்கள். கம்பெனி ஆயிரத்து முந்நூறுக்கு மேல் செய்து விற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எதை அடமானம் வைத்து வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

உச்ச வேகப் போட்டி அதன் பிறகு இத்தாலியை விட்டே போய்விட்டது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கோர்டன் மரே வடிவமைத்த இங்கிலாந்தின் மெக்லாரன் எஃப்1, 1998-ல் 386 கிலோமீட்டரைத் தொட்டது. முந்நூறு செய்யத் திட்டமிட்டு, வாங்க ஆளில்லாமல் 106-ல் நிறுத்திய கார் அது. 2021-ல் ஒன்று இரண்டு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. 2005-ல் வந்த புகாட்டி வேரோன் 407-ஐ எட்டியது. அந்த வேகத்தில் ஓட்டினால் நூறு லிட்டர் டேங்க் பன்னிரண்டு நிமிடத்தில் காலி. நம் குடியிருப்பின் தண்ணீர் லாரியை விட வேகமாகத் தீர்ந்துவிடும்.

இன்று நிலவரம் என்ன? ஃபெராரி 2015-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024-ல் 13,752 கார் விற்று 150 கோடி யூரோவுக்கு மேல் நிகர லாபம் காட்டியது. அதே ஆண்டு லம்போர்கினி விற்றது 10,687. கவுன்டாக் பதினாறு வருடத்தில் மொத்தமே ஏறத்தாழ இரண்டாயிரம்தான் செய்யப்பட்டது என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். லம்போர்கினியில் அதிகம் விற்பது தாழ்ந்த விளையாட்டுக் கார் அல்ல, யூரஸ் என்ற எஸ்யூவி. டிராக்டர்காரர் கம்பெனிக்கு உயரமான வண்டி பொருத்தம்தான். ஃபெராரியும் 2022-ல் நான்கு கதவு புரோசாங்குவேவைக் கொண்டுவந்தது. புதிய மாடல்களில் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்துவிட்டது. லம்போர்கினி ரெவுவெல்டோவில் 1,015 ஹார்ஸ்பவர். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஃபெராரி எஃப்80-ல் 1,200, அதுவும் பன்னிரண்டு சிலிண்டரை விட்டுவிட்டு ஆறு சிலிண்டரோடு. செய்யப்போவது 799 மட்டும். இவற்றில் எது மேல் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், என்னை விட நன்றாகச் சொல்வார்கள்.

ஃபெரூச்சியோ பிறகு என்ன செய்தார் என்று சிலர் கேட்கக்கூடும். உம்ப்ரியாவில் திராசிமேனோ ஏரிக்கரையில் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டார். தான் தயாரித்த ஒயினுக்கு மியூராவின் ரத்தம் என்ற பொருளில் பெயர் வைத்தார். 1993 பிப்ரவரி 20 அன்று இறந்தார். என்ஸோவின் பிறப்பு ஊராட்சிப் பதிவேட்டில் எழுதப்பட்ட தேதியும் பிப்ரவரி 20-தான்.

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க நம்மில் பலர் கோடையில் போகிறோம். வெனிஸ், ரோம் என்று திட்டம் போடும்போது நடுவில் ஒரு நாளைப் போலோன்யாவுக்கு ஒதுக்குங்கள். மரனெல்லோவில் ஃபெராரி அருங்காட்சியகமும் சான்ட் அகதாவில் லம்போர்கினி கம்பெனியின் அருங்காட்சியகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கூட்டம் வரும். ஃபூனோ டி ஆர்ஜெலாதோ என்ற இடத்தில் ஃபெரூச்சியோவின் குடும்பம் தனியாக ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் மியூராவைத் தேடி ஓடும்போது நீங்கள் டிராக்டர்கள் பக்கம் போய் நில்லுங்கள்.